தண்ணீருக்கு வழி விடுங்கள்: மலைப்பாதைப் பராமரிப்பு, வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், மலையடிவார ஊர்களில் உள்ள ஒற்றையடிப்பாதைகளைத் தன்னார்வலர்கள் பேணுவது பற்றி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில், மற்றவர்களுக்கும் பயன்படக்கூடிய ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் மலைக்கோயிலுக்குப் போகும் பாதையில் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்குப் பிறகு பெரும் பள்ளம் விழுகிறது. இளைஞர்கள் சேர்ந்து கூடை கூடையாக மண் சுமந்து நிரப்புகிறோம். அடுத்த மழையில் அந்த மண்ணும் போய்விடுகிறது. என்ன செய்வது?
– பள்ளி ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

பள்ளத்தை நிரப்புவதற்கு முன்னால், அந்தப் பள்ளத்தை வெட்டிய தண்ணீர் எந்த இடத்தில் பாதைக்குள் நுழைகிறது என்று பார்த்தீர்களா, ஐயா? நடப்பவர்களின் கால்கள் புல்லைத் தேய்த்து மேல்மண்ணைத் தளர்த்துகின்றன என்பது உண்மைதான். ஆனால் தளர்ந்த மண்ணை வாரிக்கொண்டு போவது மழைநீர். சரிவில் நேராக இறங்கும் தடம் சில ஆண்டுகளில் நடுவில் குழிந்துவிடும், குழிந்த பிறகு மலையின் அந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் அதையே வாய்க்காலாகக் கொண்டு இறங்கத் தொடங்கும். ஓடும் வாய்க்காலில் கொட்டிய இளகிய மண் ஒரு மழைக்குக்கூட நிற்காது.

எங்கள் குழு முதல் ஆண்டில் செய்த பிழையை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் இதையே செய்கிறார்கள். பாதையை நன்றாகச் சமன்படுத்தினோம்; வெட்டியெடுத்த மண்ணைச் சரிவுப் பக்கத்து விளிம்பில் வரப்புப் போலக் குவித்து மிதித்து, அதன்மேல் கற்களை வரிசையாக அடுக்கினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பு அது, பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. ஒரே இரவு பெய்த மழையில் பாதை முழங்கால் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போயிருந்தது. எங்களுடன் வந்திருந்த வயதான விவசாயி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "வரப்பு போட்டால் தண்ணி நிக்கத்தானே செய்யும்?" என்று கேட்டார். வயலில் தண்ணீரை வெளியே விடாமல் காக்கும் வரப்பு, மலையிலும் அந்த வேலையையே செய்திருந்தது.

ஆகவே முதலில் விளிம்பில் இருக்கும் மேட்டை வெட்டி எடுத்துவிடுங்கள். பாதை வெளிப்பக்கம், அதாவது பள்ளத்தாக்குப் பக்கம், சற்றே சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் தாழ்வு இருந்தால் போதும், நடப்பவருக்கு அந்தச் சாய்வு தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அப்படிச் சாய்க்க முடியாத அளவுக்குக் குழிந்துவிட்ட இடங்களில் மடை வைக்க வேண்டும். பாதைக்குக் குறுக்கே, ஏறத்தாழ 45 டிகிரி சாய்வாக, அகலமான ஆழமில்லாத பள்ளம் எடுத்து, எடுத்த மண்ணை அதன் கீழ்ப்பக்கத்தில் மேடாக்கி இறுக மிதித்தால் அதுவே மடை. செங்குத்தாகக் குறுக்கே வெட்டினால் வண்டல் தேங்கி ஒரே பருவத்தில் தூர்ந்துவிடும். சாய்வாக இருந்தால் வரும் தண்ணீரே வண்டலைத் தள்ளிக்கொண்டு போகும். மடையின் வெளிவாய், பாதையின் விளிம்போடு நின்றுவிடாமல் சரிவில் நன்கு இறங்கி, கல்லும் புல்லும் உள்ள இடத்தில் தண்ணீரைக் கொண்டுபோய் விட வேண்டும். பாதை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அவ்வளவு நெருக்கமாக மடைகள் தேவை.

மடைகளை எங்கே வைப்பது என்பதை வெயில் நாளில் தீர்மானிக்காதீர்கள். இடி மின்னல் இல்லாத, மிதமான மழை பெய்யும் நாளாகப் பார்த்து, குடையோடு இரண்டு பேர் அடிவாரத்திலிருந்து மெதுவாக ஏறிப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பாறையின் இடுக்கிலிருந்து பாதைக்குள் விழுகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே தானாகவே வெளியேற முயன்று மேட்டில் மோதித் திரும்புகிறது என்பதெல்லாம் கண்முன்னே தெரியும். அந்த இடங்களில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வாருங்கள். உங்கள் பகுதியில் ஏரிப் பாசனத்தைக் கவனித்துக்கொண்ட நீர்க்கட்டிகள் இன்னும் இருந்தால் அவர்களில் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அவர்கள் காலால் மிதித்துப் பார்த்தே சொல்வார்கள்.

பள்ளத்தை நிரப்புவது இவை எல்லாம் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. அப்போதும் வெறும் மண்ணைக் கொட்டாதீர்கள். பள்ளத்துக்குக் குறுக்கே பெரிய கற்களைப் புதைத்துச் சிறு தடுப்புகள் வைத்தால், இறங்கும் கொஞ்சத் தண்ணீர் அவற்றின் பின்னால் வண்டலை விட்டுச் செல்லும். இரண்டு மூன்று பருவங்களில் பள்ளம் பெருமளவு தானாகவே தூர்ந்துவிடும்.

சிமென்ட் படிகள் கட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே? நன்கொடை தர ஆள் இருக்கிறார்கள்.
– வணிகர், நாமக்கல்

பல்லாயிரம் பேர் ஏறும் கோயில் மலைகளுக்கு முறையாகக் கட்டிய படிகள் தேவைதான். அங்கே பொறியாளர் இருப்பார், வடிகால் இருக்கும். ஓர் ஊர்ப் பாதையில், வடிகாலைப் பற்றி யோசிக்காமல் கட்டும் சிமென்ட் படிகளின் இரு ஓரங்களிலும் தண்ணீர் ஓடி, அடிமண்ணைக் கரைத்து, படிகள் அந்தரத்தில் தொங்கி உடைவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். உடைந்த சிமென்ட் பாளத்தை மலையிலிருந்து இறக்குவதும் பெரும்பாடு.

செங்குத்தான இடங்களுக்கு மலையில் கிடக்கும் கல்லே போதும். கீழ்ப் படியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தாலும் கையால் அசைக்கச் சிரமப்படும் அளவுக்குக் கனமான கல்லாகத் தேர்ந்தெடுத்து, அதன் நீளப் பக்கம் மலைக்குள் போகுமாறு குழி எடுத்து, கடப்பாரையால் நெம்பி இறக்கி, பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி புதைக்க வேண்டும். அடுத்த படியின் முன்விளிம்பு, கீழ்ப் படியின் பின்பக்கத்தின் மேல் ஏறி உட்கார வேண்டும். பிறகு ஒவ்வொரு மூலையிலும் ஏறி நின்று குதித்துப் பாருங்கள். சிறிது ஆடினாலும் எடுத்துவிட்டு, அடியில் சில்லுக்கல் திணித்து மறுபடி இறக்குங்கள். ஒரு நாளில் நான்கு பேர் இரண்டு படிகள் வைத்தால் அது நல்ல வேலை. உங்கள் நன்கொடையாளரிடம் கடப்பாரைகளும் தடித்த கையுறைகளும் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் பத்துப் பேர் வார இறுதிகளில் மலையேறுகிறோம். ஏறும் பாதைகளை நாங்களே சீர்செய்ய விரும்புகிறோம். அனுமதி தேவையா?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பெரும்பாலும் தேவை. முதலில் அந்த மலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைப் பார்த்தால் நிலத்தின் வகை தெரிந்துவிடும். புறம்போக்கு என்றால் ஊராட்சியிடமும் வருவாய்த் துறையிடமும், கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையின் செயல் அலுவலரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள்.

காப்புக் காடு என்றால், 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் பொருந்தும். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம், செடி வெட்டுவதும் கல் பெயர்ப்பதும் அதைவிடப் பெரிய குற்றம். சரணாலயமாகவோ புலிகள் காப்பகமாகவோ இருந்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இதையெல்லாம் வெறும் தடங்கலாக நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேறச் சென்ற இளைஞர்கள் பலர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அதன் பிறகுதான் அதே ஆண்டில் மலையேற்றத்துக்கான விதிகளை அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. காட்டையொட்டி வாழும் பழங்குடி இளைஞர்கள் அவற்றில் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

உங்கள் ஊருக்கு அருகில் உள்ள வெள்ளியங்கிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி முதல் மே வரை ஏழு மலைகளையும் ஏறும் பக்தர்களால் குவியும் குப்பையை இறக்க ஆள் தேவைப்படும். ஆனால் அது யானைகள் நடமாடும் காடு, எப்போது எத்தனை பேர் எந்த மலை வரை போகலாம் என்பதை வனத்துறைதான் சொல்ல முடியும். எனவே வனச்சரக அலுவலரை நேரில் சந்தியுங்கள். எந்தத் தேதியில், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை பேர், என்னென்ன கருவிகளோடு, என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி, மாவட்ட வன அலுவலருக்கு அனுப்புங்கள். "பாதையைச் சீர்செய்ய" என்று பொதுவாக எழுதிய கடிதங்கள் கிடப்பில் கிடக்கும். "தூர்ந்துபோன பதினொரு மடைகளைத் திறக்க" என்று எழுதினால் அலுவலர் எழுந்து வந்து பார்ப்பார். இது என் அனுபவம்.

எங்கள் பாதையின் இருபுறமும் உண்ணிச்செடி அடைத்துக்கொண்டிருக்கிறது. வெட்ட வெட்ட முன்னிலும் அடர்த்தியாக வளர்கிறது.
– இல்லத்தரசி, கொல்லிமலை

அம்மா, நீங்கள் சொல்வது சரி. தரைக்கு மேலே வெட்டினால் அது கவாத்து செய்த தேயிலையைப் போலப் பல கிளைகளாகத் துளிர்க்கும். துளிர்க்கும் கண்கள் தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. ஆகவே தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, கழுத்துக்குக் கீழே வேரை வெட்டி, செடியை முழுதாக வெளியே இழுத்து, வேர் மேலே பார்க்கும்படி தலைகீழாகக் கிடத்திவிட வேண்டும். அப்போது அது மறுபடி வேர் ஊன்றாது. காய் கறுத்துப் பழுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பறவைகள் விதையை மலை முழுவதும் கொண்டுபோய்விடும். எரிக்கவே கூடாது.

பிடுங்கிய இடத்தில் மண் பொலபொலவென்று இருக்கும், அடுத்த மழையில் அதுதான் முதலில் கரையும். ஒரே மூச்சில் இருநூறு அடி நீளத்துக்குப் பிடுங்கிவிடாமல், பாதையின் மேல்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அங்கே நம் மண்ணின் புல்லையோ ஆவாரை போன்ற செடியையோ வேர்பிடிக்க விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். பாதையோரத்து மரக்கிளைகளை வெட்ட நேர்ந்தால் பாதிக் கிளையில் நறுக்காமல், கிளை புறப்படும் இடத்துக் கழுத்தை ஒட்டி வெட்டினால் காயம் ஆறும், முட்டும் கட்டையும் நிற்காது.

என்னென்ன கருவிகள் வேண்டும்? எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்?
– கல்லூரி மாணவி, சேலம்

மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், களைக்கொத்து, இரும்புச் சட்டி. இவற்றைத் தவிர வேறெதையும் மலைக்குச் சுமக்க வேண்டியதில்லை. அப்பர் பெருமான் கையில் ஏந்திய உழவாரம் இன்றும் கோயில் குழுக்களிடம் இருக்கிறது. புல் செதுக்க அதைவிடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை. அமெரிக்காவில் 1910ஆம் ஆண்டின் பெருங்காட்டுத்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றிய எட் புலாஸ்கி என்ற வனக்காவலரின் பெயரால், ஒரு பக்கம் கோடாலியும் மறுபக்கம் கொத்தும் உள்ள கருவி ஒன்று வழங்குகிறது. நம் கொல்லர்களிடம் சொன்னால் அடித்துக்கொடுத்துவிடுவார்கள், ஆனால் முதல் ஆண்டிலேயே அது தேவையில்லை.

கல்லைப் புரட்டும்போது கையை அடியில் விடாதீர்கள். கடப்பாரையால் கல்லின் அப்பக்கத்து விளிம்பை உயர்த்தி, உங்களை நோக்கிச் சாய்த்துத் திறக்க வேண்டும். அடியில் தேளோ சுருட்டை விரியனோ இருந்தால் கல் உங்களுக்கும் அதற்கும் நடுவே மறைவாக நிற்கும், அது எதிர்ப்பக்கமாக வெளியேறும். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு இறங்கி, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒருவருக்கு மேல் ஒருவராகச் சரிவில் நின்று வேலை செய்யக்கூடாது என்பது எங்கள் குழுவில் எவருக்கும் விலக்கில்லாத விதி. மேலிருந்து உருளும் ஒரு தேங்காயளவு கல் போதும். ஓடையைக் கடக்க வேண்டிய சதுரகிரி போன்ற மலைகளில், உச்சியில் மழை பெய்தால் அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். வேலை பாதியில் நின்றாலும் வானம் கறுத்ததும் இறங்கிவிடுங்கள்.

வழி தவறாமல் இருக்கப் பாறைகளில் அம்புக்குறி வரையத் திட்டமிட்டிருக்கிறோம். எந்தப் பெயின்ட் நல்லது?
– இளைஞர் மன்றம், மதுரை

மதுரையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததால் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன்: வேண்டாம். உங்களைச் சுற்றியுள்ள மாங்குளம், ஆனைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற குன்றுகளின் பாறைகள் தமிழின் மிகப் பழைய ஏடுகள். மாங்குளத்துக் குகைத்தளத்தில் தமிழி எழுத்தில் நெடுஞ்செழியன் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட எழுத்து அது. மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டுமே தெரியும் அளவுக்கு மெல்லிய கோடுகளும் உண்டு. நண்பகலில் போனால் வெறும் பாறையாகத் தோன்றும். அப்படி ஒரு பாறையின் மேல் உங்கள் அம்புக்குறி விழுந்துவிட்டால் அதைத் துடைப்பதும் எழுத்தைச் சிதைப்பதும் ஒன்றுதான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் வண்ணம் பூசுவது மட்டுமின்றி, நல்லெண்ணத்தோடு பாசியைச் சுரண்டித் தூய்மை செய்வதும் கூடாது.

பாதையை நன்றாகப் பேணினால் குறியே பெரும்பாலும் தேவைப்படாது. வளைவுகளில் மக்கள் குறுக்குவழியில் இறங்குவதுதான் வழி தவறுவதற்கு முதல் காரணம், புதிய நீர்ப்பள்ளம் உண்டாவதற்கும் அதுவே காரணம். அந்தக் குறுக்குவழியின் இரண்டு வாய்களிலும் வெட்டிய முள்ளையும் பட்ட கிளைகளையும் போட்டு அடைத்துவிடுங்கள். மேலேயிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே வழி இருப்பதே தெரியக்கூடாது.

தொடக்கத்தில் நாற்பது பேர் வந்தோம். இப்போது ஆறு பேர்தான் மிச்சம். வெளிநாடுகளில் இதை எப்படி நடத்துகிறார்கள்?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தென்காசி

ஐயா, உங்கள் ஆறு பேரையும் மனமார வணங்குகிறேன். நாற்பது பேர் ஒரே நாளில் கூடிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் பணியைவிட, ஆறு பேர் ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்ளும் பாதை நன்றாக இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை எடுத்துக்கொள்வோம். பென்டன் மக்கே என்பவர் 1921இல் முன்வைத்த யோசனை அது, 1937இல் முழுமையடைந்தது, 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளம் செல்கிறது. வெட்டியதிலும் பேணுவதிலும் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. முப்பது சங்கங்கள் போலப் பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு சங்கமும் தன் பங்கைச் சில மைல்களாகப் பிரித்து, இன்ன பகுதி இன்னாருடையது என்று ஒப்படைத்துவிடுகிறது. அந்த ஆள் ஆண்டில் சில முறை தன் பகுதியை நடந்து, விழுந்த மரத்தை அகற்றி, வடிகாலைத் திறந்து, மங்கிய வெள்ளைக் குறியைப் புதுப்பித்துவிட்டு வருகிறார். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளிலும் இப்படி நீர்வழிகளைத் திறந்துவிடுவதற்கென்றே மண்வெட்டியோடு மலையேறும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் பாதையையும் அப்படியே பிரியுங்கள். குற்றாலம் பக்கத்து மலைகளுக்கு ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குச் சாரல், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழை உண்டு. ஆகவே வைகாசியில் ஒரு முறை, புரட்டாசியில் ஒரு முறை, மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு முறை என ஆளுக்கு மூன்று நடை போதும். ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு மடைகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு மடையைத் திறக்கக் கால் மணி நேரம் ஆகும். மேலே கிடக்கும் சருகை முதலில் கையால் அள்ள வேண்டும். அதன் கீழே கறுத்துக் குழைந்த இலைகளும், அதற்கும் கீழே களியாக இறுகிய வண்டலும் இருக்கும். வண்டலை மண்வெட்டியால் வெளிவாய்ப் பக்கமாக இழுத்து, மடையின் கீழ்மேட்டின் மேல் போட்டு மிதித்துவிட்டு, தண்ணீர்ப் புட்டியிலிருந்து ஒரு கை நீரை மேல்பக்கம் ஊற்றிப் பாருங்கள். அது தயங்காமல் விளிம்பைத் தாண்டி இறங்கினால் அடுத்த மடைக்குப் போகலாம். தயங்கித் தேங்கினால் வெளிவாயில் எங்கோ ஒரு வேரோ கல்லோ மறித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது விளிம்பிலிருந்து ஒரு முழத் தொலைவில்தான் இருக்கும்.

அடுத்த நடைக்கு ஆளுக்கொரு மண்வெட்டி போதும். கடப்பாரையை அடிவாரத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அறுபதைக் கடந்தவர்கள் அதைச் சுமந்துகொண்டு ஏற வேண்டாம்.